புதுப்பிப்பு: காரைக்குடி நாற்காலி வீட்டுக்கு வந்தாச்சு

காரைக்குடி பழம்பொருள் கடையில் பார்த்த இரண்டு நாற்காலிகளில் எதை எடுப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒன்று, கை நீண்டு அதன்மேல் காலைப் போட்டுக்கொள்ளும் துரைமார் சாய்வு நாற்காலி. இன்னொன்று ஆர்ட் டெகோ பாணி நாற்காலி. "கவிழ்த்துப் பாருங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தேன்.

சாய்வு நாற்காலி விக்டோரியா காலத்துச் சரக்காம். அடியில் கூட்டல் குறித் தலையோடு பிலிப்ஸ் ஸ்க்ரூ! அது வந்ததே 1930களில். ராணி 1901லேயே போய்விட்டார். சரி, பழுது பார்த்தபோது போட்டிருக்கலாம். ஆனால் பிரம்பு? நாற்காலியிலேயே கையால் பின்னியிருந்தால் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருக்கும். இதில் துளையே இல்லை. ரெடிமேட் பின்னலைச் சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் வைத்து அடித்திருந்தார்கள்.

ஆர்ட் டெகோவையே எடுத்தேன். 1925 பாரிஸ் கண்காட்சிக்குப் பின் பரவிய பாணி. செட்டிநாட்டு வீடுகளிலும் நுழைந்தது. செதுக்கல் கிடையாது, வளைந்த கை, அதில் மூன்று கோடு, அவ்வளவுதான். உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் தேக்கு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பின்னங்கால் ஒன்று லேசாக ஆடுகிறது. ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பாலிஷ் போடக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டேன்.