அழைப்பிதழில் யார் பெயர் போடுவது? கூட்டாக நடனம் செய்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தற்கால நடனம் செய்துகொண்டிருக்கிறோம். பரதம் படித்தவர்கள் இரண்டு பேர், சிலம்பம் ஒருவர், செய்யாறு பக்கம் தெருக்கூத்து ஆடும் அண்ணன் ஒருவர், தாளத்துக்கு நான். தோளில் கட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் கட்டாமல் சுற்றினால் உடம்பு நிலைகொள்ளவில்லை என்கிறார் கூத்து அண்ணன். அந்தத் தடுமாற்றத்தை வைத்தே ஒரு பகுதி செய்தோம். இருப்பதிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

சிக்கலும் அதில்தான். அசைவு அவருடையது, அடுக்கியது இன்னொருவர். ‘நடன அமைப்பு’ என்று யார் பெயரைப் போடுவது? 1985-இல் ‘அங்கிகா’ என்ற நடனம் மேடையேறியபோது அமைத்தவர் சந்திரலேகா, குழப்பமில்லை. எங்களில் அப்படி ஒரு தலை கிடையாது, வேண்டாம் என்றுதான் சேர்ந்தோம்.

சென்னை பேஸ்மென்ட் 21 போன்ற கூட்டுக் குழுக்களிலோ பெங்களூரு ஆட்டக்களரி நடன மையத்திலோ வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? சம்பளப் பங்கை எழுதி வைப்பீர்களா, வாய்ப்பேச்சுதானா? ஒருவர் விலகினால் அவருடைய அசைவை மற்றவர் ஆடலாமா? ஒப்பந்த மாதிரி இருந்தால் அனுப்புங்கள், பெயர்களை அழித்துவிட்டே அனுப்பலாம்.

அப்புறம், வேலூரில் சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கம் ஒத்திகைக்கு இடம் வேண்டும். கல்யாண மண்டப கிரானைட் தரை வேண்டாம், முட்டி போய்விடுகிறது. மரத்தரை போட்ட ஷட்டில் கோர்ட் பகலில் சும்மா கிடந்தால் அதுவே போதும், வாடகை தருகிறோம்.