ஆப்பிரிக்க மாநகரங்களின் காலநிலைக் கூட்டுறவு: உண்மையில் கைமாறுவது எது?

கேள்வி (எழுதியவர்: நீர்வழி)

நான் உள்ளாட்சி நிர்வாகம் பயிலும் மாணவி. ஆப்பிரிக்க நகரங்கள் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதில் ஒன்றிடமிருந்து ஒன்று எவ்வாறு கற்கின்றன என்பதே என் கட்டுரையின் பொருள். 2011-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தபோது, காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தம் நகரங்களை மாற்றியமைக்க உறுதியளிக்கும் டர்பன் தகவமைப்புச் சாசனத்தில் உள்ளாட்சித் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். இன்று இக்லி ஆப்பிரிக்கா, சி40, மேயர்கள் உடன்படிக்கை எனக் காலநிலைக்காக நகரங்கள் சேர்ந்துள்ள பல கூட்டமைப்புகள் இயங்குகின்றன. அவற்றின் ஆவணங்களில் "அனுபவங்கள் பகிரப்பட்டன" என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால், ஒரு மாநகராட்சியின் வடிகால் பொறியாளரோ குடிநீர் அலுவலரோ இன்னொரு நகரத்திலிருந்து எதைப் பெற்றுத் தம் வேலையை மாற்றிக்கொண்டார் என்பது எனக்குத் தெளிவாகவில்லை. உண்மையில் கைமாறிய அறிவுக்கு எடுத்துக்காட்டுகள் உண்டா?

மறுமொழி 1 (எழுதியவர்: கிணற்றடி)

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நமீபியாவின் தலைநகரமான விண்ட்ஹோக் 1968 முதல் கோரங்காப் நிலையத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர் வழங்கலில் சேர்த்து வருகிறது. உலகில் இதை நிலையான ஏற்பாடாகச் செய்த முதல் நகரம் அதுதான். அங்கே ஒருவர் கற்க வேண்டியது வடிகட்டும் கருவியை மட்டுமன்று. தொழிற்சாலைக் கழிவுநீர் வீட்டுக் கழிவுநீருடன் கலக்காதபடி தனிக் குழாயில் தனி நிலையத்துக்குத் திருப்பப்படுகிறது. சுத்திகரித்த நீர் அணை நீருடன் கலந்த பிறகே வீடுகளுக்குச் செல்கிறது. இவற்றை ஒரு கையேட்டில் இரண்டு வரிகளில் எழுதிவிடலாம். ஆனால் சோதனை முடிவு சரியில்லாத நாளில் எந்த வால்வை மூடுவது, யாருக்கு முதலில் தகவல் சொல்வது என்பதை நிலையத்தை இயக்குபவரின் அருகில் நின்று பார்க்காமல் எவரும் கற்றுக்கொள்ள முடியாது.

2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அணைகள் வற்றி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு வந்ததை அறிந்திருப்பீர்கள். அதற்குப் பின் அந்நகரம் வகுத்த நீர்க் கொள்கையில் சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீருக்கு இடம் கிடைத்தது. விண்ட்ஹோக்கில் பல பத்தாண்டுகளாக மக்கள் அந்நீரைக் குடித்து நலமாக இருக்கிறார்கள் என்பது, தயங்கும் குடிமக்களிடம் எடுத்துச் சொல்ல எந்த ஆய்வறிக்கையையும்விட வலுவான சான்று.

மறுமொழி 2 (எழுதியவர்: மேட்டுநிலம்)

மேற்சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கருவிகளைவிட முறை கைமாறிய கதை ஒன்றும் உண்டு. 2015-இல் தொடங்கி, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஃபிராக்டல் என்ற ஆய்வுத் திட்டம் லுசாகா, விண்ட்ஹோக், மபுட்டோ, ஹராரே முதலிய ஆப்பிரிக்காவின் தென்பகுதி நகரங்களில் நடந்தது. அதில் ஆய்வாளர்கள் சில நகராட்சி அலுவலகங்களிலேயே மேசை போட்டு அமர்ந்து, அலுவலர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். மழைக் கணிப்பு வரைபடங்களைக் காட்டித் தொடங்காமல், "உங்கள் நகரத்தில் இன்று எரிகிற பிரச்சினை எது?" என்று கேட்டுத் தொடங்கினார்கள்.

ஜாம்பியாவின் தலைநகரமான லுசாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு நிலத்தடியிலிருந்து வருகிறது. அடியிலோ வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறை. ஆழமாகத் தோண்ட முடியாததால் குழிக் கழிப்பறைகள் மேலோட்டமாகவே அமைகின்றன. பல குடியிருப்புகளில் அவற்றிலிருந்து சில அடிகளிலேயே கிணறு இருக்கிறது. மழை கொட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 2017-18-இல் அங்கே காலரா பரவியதை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட நகரத்தில் காலநிலை மாற்றம் என்பது எதிர்காலச் செய்தியன்று, கிணற்று நீரைப் பற்றிய பேச்சே. ஃபிராக்டல் ஆய்வாளர்கள் எதிர்கால நிலைமைகளை எண்களாக அடுக்காமல், மூன்று வேறுபட்ட கதைகளாக எழுதி அலுவலர்கள் முன் வைத்து விவாதித்தார்கள். ஒரே கணிப்பை உண்மை என்று திணிப்பதைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. அந்நகரங்களின் அலுவலர்கள் ஒருவர் நகரத்துக்கு மற்றவர் சென்று பார்த்த பயணங்களும் இத்திட்டத்தில் இருந்தன.

மறுமொழி 3 (எழுதியவர்: சிறுபாலம்)

கற்றதைச் செயல்படுத்தும் அதிகாரம் இல்லாவிட்டால் அறிவு மேசையிலேயே தங்கிவிடும் என்பதையும் கட்டுரையில் சேருங்கள். செனகலின் தலைநகரமான டாக்கரின் மாநகராட்சி தன் சொந்தப் பொறுப்பில் கடன்பத்திரம் வெளியிடப் பல ஆண்டுகள் ஆயத்தம் செய்து, 2015-இல் வெளியீட்டுக்குத் தயாராக நின்ற வேளையில், மத்திய அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றது. பக்கத்து நகரத்து மேயர் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும், பணம் திரட்டும் உரிமை வேறொருவர் கையில் இருந்தால் என்ன செய்ய முடியும்?

எளிய செலவில் நடப்பவை இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. டர்பனில் சிஹ்லன்சிம்வெலோ என்ற திட்டத்தில், ஓடைக்கரைகளில் வாழும் மக்களின் கூட்டுறவுக் குழுக்களுக்கு ஊதியம் கொடுத்து, ஓடைகளில் சேரும் குப்பையையும் அந்நியச் செடிகளையும் அகற்றச் செய்கிறார்கள். சிறுபாலத்தின் வாய் அடைபட்டால் வெள்ளம் சாலையை அரித்துக்கொண்டு போகும். அதைப் பழுதுபார்க்கும் செலவோடு துப்புரவுச் செலவை ஒப்பிட்டால் எந்த நிதி அலுவலருக்கும் விளங்கும். ஆயினும் 2022 ஏப்ரலில் பெய்த மழையில் டர்பனிலும் சுற்றுப்பகுதிகளிலும் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிற நகரங்களுக்குத் தேவைப்படுவது எது தாங்கியது, எது தாங்கவில்லை என்ற கணக்கும்தான்.

நீர்வழி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டமைப்புகளின் பட்டியலை முதல் அத்தியாயத்திலிருந்து நீக்கிவிட்டு, விண்ட்ஹோக்கையும் லுசாகாவையும் நடுவில் வைத்துக் கட்டுரையை மாற்றி எழுதப் போகிறேன். டாக்கர் நிகழ்வு அதிகாரம் பற்றிய பகுதியில் வரும். இன்னும் ஓர் ஐயம்: மொசாம்பிக்கின் மபுட்டோவும் பெய்ராவும் போர்த்துகீசிய மொழியிலும், டாக்கரும் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானும் பிரெஞ்சிலும் நிர்வாகம் நடத்துகின்றன. 2019-இல் இடாய் புயல் தாக்கிய பெய்ராவின் அனுபவம் ஆங்கிலம் வழங்கும் நகரங்களின் வடிகால் பிரிவுகளுக்கு எந்த வழியில் போய்ச் சேர்கிறது என்பதை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.