வட கரோலினாவில் கவுண்டிப் பக்கம் வீடு கட்டினோம்: அனுமதி, இன்ஸ்பெக்‌ஷன் அனுபவம்

கேரி, மாரிஸ்வில் நகரங்களின் பக்கம் வீட்டு விலை ஏறிய பிறகு, சுற்றியுள்ள கிராமப்புறக் கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று நிலம் தேடும் நம்மவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நாங்களும் அப்படி வாங்கிக் கட்டி, இப்போது அதில்தான் குடியிருக்கிறோம். முன்பணம் கட்டும் முன் யாராவது இதைப் படித்தால் நல்லது என்று எழுதுகிறேன்.

ஊர் எல்லைக்குள் என்றால் தண்ணீரும் சாக்கடை இணைப்பும் நகராட்சி தந்துவிடும். நாங்கள் வாங்கிய இடத்தில் இரண்டும் இல்லை. போர் போட வேண்டும். வீட்டுக் கழிவுநீர் முழுவதும் நம் நிலத்து மண்ணுக்குள்ளேயே இறங்க வேண்டும். கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு மண்ணைப் பார்த்து செப்டிக்குக்கு ஒப்புதல் தராத வரை கட்டட அனுமதி கைக்கு வராது. மாநில விதிப்படி ஒரு படுக்கையறைக்கு நாளுக்கு 120 கேலன் கழிவுநீர் என்று கணக்கு. நான்கு படுக்கையறை என்றால் 480 கேலன். அதை உறிஞ்சும் மண் இருந்தால் மட்டும் போதாது. பின்னாளில் அது பழுதானால் மாற்றிப் போட இன்னொரு இடத்தையும் இப்போதே ஒதுக்கிக் காட்ட வேண்டும். போர் கிணறும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடமான செப்டிக் வயலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு ஏக்கர் பெரிதாகத்தான் தெரியும். இதையெல்லாம் குறித்துப் பார்த்தால் வீடு உட்கார ஒரு மூலைதான் மிஞ்சும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஐந்து படுக்கையறைக்கு வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு நிலத்தை வாங்கினார்கள். மூன்று அறைக்குமேல் மண் தாங்காது என்று அறிக்கை வந்தது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கென்று யோசித்துப் போட்ட அறைகள்தான் போயின. அந்த வருத்தம் அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கும் மனசு கேட்பதில்லை. நில ஒப்பந்தத்தில் டியூ டிலிஜென்ஸ் காலம் என்று ஒன்று எழுதுவார்கள், நிலத்தைச் சோதித்துப் பார்த்து வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் அவகாசம் அது. அந்த நாட்களுக்குள் லைசென்ஸ் உள்ள ஒரு மண் ஆய்வாளரை அழைத்துப் பார்த்துவிடுங்கள். அதற்காகக் கட்டும் பணம் வீண் போகாது.

எங்கள் நிலத்துக்கு வந்தவர் வயதானவர். கையில் ஒரு துளைக்கோல், தோளில் ஒரு பை, அவ்வளவுதான். எல்லோரும் ‘பெர்க் டெஸ்ட்’ என்று சொல்வதால் குழியில் தண்ணீர் ஊற்றிக் கடிகாரம் பார்ப்பார் என்று நினைத்திருந்தோம். இந்த மாநிலத்தில் அப்படிச் செய்வதில்லை. கோலைத் திருகி இறக்கி, வரும் மண்ணை வரிசையாகப் புல்லில் வைத்தார். ஒரு பிடி எடுத்து எச்சில் பதத்துக்கு நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகப் பிதுக்கினார். நாடா எவ்வளவு நீளம் அறாமல் வருகிறதோ அவ்வளவு களிமண். அப்புறம் நிற அட்டைப் புத்தகத்தை விரித்து மண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேலே செம்மண் நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஆழத்துக்குக் கீழே சாம்பல் நிறத் திட்டுகள் தென்பட்டன. “மழைக்காலத்தில் தண்ணீர் இந்த மட்டத்தில் நிற்கிறது” என்றார். நாங்கள் பார்த்தது வெயில் காலத்தில். மண் காய்ந்து கிடந்தது. எந்த மழையையும் பார்க்காமல் அவர் அதைப் படித்துச் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

அவர் கொடிக்கம்பி நட்டுக் காட்டிய இடத்தை வைத்துத்தான் வீட்டையே வரைந்தோம்.

அனுமதி அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த அம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். செப்டிக், போர், வாகனப் பாதை, வீட்டு எண், லீன் ஏஜென்ட் (வேலை செய்தவர்கள் பாக்கிக்காகச் சொத்தின்மேல் உரிமை கோரும் அறிவிப்புகளைப் பெறுபவர்), கடைசியில் கட்டட அனுமதி. வாகனப் பாதைக்குக் கவுண்டியிடம் போய் நின்றால் பயனில்லை. இங்கே கவுண்டிகள் சாலை பராமரிப்பதில்லை. எங்கள் நிலத்துக்கு முன்னால் போவதும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலைதான், அவர்களிடம் தனி அனுமதி வாங்கினோம். சொந்தக்காரரே கட்டுவதானால், வேலையை நேரில் மேற்பார்ப்பேன், முடிந்தபின் 12 மாதம் நானே குடியிருப்பேன் என்று உறுதிமொழி தர வேண்டும். நாங்கள் கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். அனுமதி வாங்கி ஆறு மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி என்பதையும் அந்த அம்மாள்தான் அழுத்திச் சொன்னார்.

நிலம் சமன்செய்ய வந்த ஆட்கள் செய்த காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாற்று செப்டிக்குக்கு ஒதுக்கிய இடத்தில்தான் தோண்டிய மண்ணையெல்லாம் கொட்டிக் குவித்தார்கள். கொடிகள் தெரிந்தும் அதன்மேல் வண்டியை ஓட்டினார்கள். கனமான வண்டி ஏறி இறங்கினால் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் போய்விடும், ஒப்புதலே ரத்தாகலாம். நல்லவேளை, ஓரத்தோடு போயிற்று. சுகாதாரப் பிரிவு அதிகாரி வந்து பார்த்து, குவியலை அந்தப் பக்கம் ஏறாமல் வெளியிலிருந்தே அள்ளச் சொன்னார். அன்றே இரண்டு இடத்தையும் சுற்றி ஆரஞ்சு வேலி அடித்தோம். மரம் வெட்ட முதல் ஆள் வருவதற்கு முன்பே இந்த வேலியை அடித்துவிடுங்கள்.

இன்ஸ்பெக்டர்களைப் பற்றி நிறைய பேர் பயமுறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு வந்தவர் கறாரானவர், ஆனால் நியாயமானவர். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கம்பி கட்டி வைத்திருந்தோம். முந்தின இரவு நல்ல மழை. ஒரு இரும்புக் கோலைக் குழியின் அடியில் குத்திக்கொண்டே நடந்து வந்தார். ஒரு மூலையில் கோல் பொசுக்கென்று உள்ளே போனது. “இந்தச் சேற்றின்மேல் கான்கிரீட் போட்டால் நாளைக்கு இந்த மூலை இறங்கும். அள்ளிவிட்டுக் கெட்டி மண் தெரிந்ததும் கூப்பிடுங்கள், சாயங்காலம் நானே வருகிறேன்” என்றார். கான்கிரீட் லாரியைத் தள்ளிவைத்ததில் கான்ட்ராக்டருக்குக் கோபம். சொன்னபடியே அவர் சாயங்காலம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த மூலைக்கு நேர் மேலேதான் எங்கள் பூஜை அறை.

சட்டகம் எழுந்து, குழாயும் வயரும் ஓடி, சுவர்ப் பலகை அடிக்கும் முன் வரும் பார்வைதான் முக்கியமானது. மூடிவிட்டால் அப்புறம் எதுவும் தெரியாது. பிளம்பர் தரையைத் தாங்கும் மரப் பலகையான ஜாயிஸ்ட் ஒன்றில் விளிம்பை ஒட்டித் துளை போட்டிருந்தார். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும், துளை பலகை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. இன்ஸ்பெக்டர் டேப் வைத்து அளந்து எங்களையே பார்க்கச் சொன்னார். பொறியாளர் முத்திரையோடு சரிசெய்யும் முறையை எழுதிக் கொடுக்க, அதை ஏற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் நீங்களும் அங்கே இருங்கள். கான்ட்ராக்டர் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேறும் சான்றிதழ் வராமல் வீட்டில் தங்க முடியாது. அதற்கு முன் செப்டிக்குக்குத் தனியாக இயக்க அனுமதி வந்தாக வேண்டும். அதைத் தரும் அதிகாரி வேறு, கட்டட இன்ஸ்பெக்டர் வேறு, அலுவலகமும் வேறு, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் வாத்தியார் நல்ல முகூர்த்தமாக ஒன்றைச் சொன்னார். அதையும் அதற்கு அடுத்ததையும் வாங்கி வைத்துக்கொண்டு, சான்றிதழ் கையில் வந்தபிறகுதான் ஊரில் இருப்பவர்களை டிக்கெட் போடச் சொன்னோம். அடுத்த முகூர்த்தத்தில்தான் பால் காய்ச்சினோம்.

எங்கள் மண்ணுக்குச் சாதாரண செப்டிக் கிடைக்கவில்லை. மோட்டார் வைத்துக் குறைந்த அழுத்தத்தில் தள்ளும் குழாய் முறைதான் கிடைத்தது. இதற்குச் சான்று பெற்ற ஆபரேட்டரோடு ஒப்பந்தம் வைத்தே ஆக வேண்டும். கவுண்டிப் பக்கம் இதே முறை வைத்திருப்பவர்கள், மின்சாரம் போகும் புயல் நாட்களில் மோட்டாருக்கு என்ன ஏற்பாடு செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஜெனரேட்டர் வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.