ட்ரவன் வடமுகடு: வழிகாட்டியுடன் ஏறியவர்களின் அனுபவங்கள்

கல்வழிப்பயணி:
பிரிட்டனின் வேல்ஸில், ஸ்னோடோனியா மலைப்பகுதியில் உள்ள ட்ரவன் மலையை இங்குள்ளோர் அறிவீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். முகட்டில் பீரங்கி போல நீட்டிக்கொண்டிருக்கும் பீரங்கிக் கல்லைத் தாண்டி, உச்சிக்கு முன்பாக முகடு பிளந்து கிடக்கும் பள்ளத்தில் இறங்கும்போது என் தங்கை நடுவழியில் நின்றுவிட்டாள். பாறையைப் பற்றியிருந்த அவளுடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கீழே ஊன்ற வேண்டிய இடது கால் இடம் தேடி நடுங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டி அவளுக்குக் கீழே இறங்கி, காலணியின் குதிகாலைக் கையில் ஏந்தி, ஒரு விளிம்பில் பொருத்தி, "இப்போது இதில் நில்லுங்கள்" என்றார். பிறகு பையிலிருந்து கயிற்றை எடுத்து அவள் இடுப்பில் கட்டினார். காலையில் ஓக்வென் ஏரிக்கரையில், இது எளிய முதல் தர வழிதான், கயிற்றுக்கு வேலை இருக்காது என்று சொன்னவரும் அவரே. கயிறு பையில் இருக்கிறது என்பதை அப்போதே சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு மிரண்டிருக்க மாட்டாள் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

மூடுபனி:
உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் வழிகாட்டியைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கயிற்றை முதலிலேயே காட்டிவிட்டால், கையும் காலும் செய்ய வேண்டிய வேலையைக் கயிறு செய்யும் என்று நம்பி ஏறுபவர்கள் உண்டு. அதே ஸ்னோடோனியாவில் 923 மீட்டர் உயரமுள்ள கிரிப் கோஹ் முகட்டின் தொடக்கத்தில், வானம் தெளிவாக இருந்த ஒரு நாளில், எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுப்பை மழையுறையைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அது வடபுறச் செங்குத்துச் சரிவில் மறையும்வரை பார்த்திருந்த எங்கள் வழிகாட்டி, எங்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார். பணம் கட்டியவர்களின் முணுமுணுப்பை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த வெயிலில் கடந்திருக்க முடியுமோ என்று எனக்கும் அவ்வப்போது தோன்றும். ஆனாலும் அவருடைய கணிப்பையே நம்புகிறேன்.

பாறைக்குருவி:
இருவரும் கயிற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். அது யார் கையில் இருக்கிறது என்பதல்லவா முக்கியம்? ட்ரவன் உச்சியில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரமுள்ள ஆதாம், ஏவாள் கற்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ, எங்கள் குழுவில் ஓர் இளைஞர் ஈரக் கல்லின் மேல் முழங்காலை மடக்கியபோது, வழிகாட்டி கீழிருந்தே அவருடைய கணுக்காலைப் பற்றிக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் மவுண்டன் லீடர் சான்றிதழ் மலைநடைக்கானது. திட்டமிட்டுக் கயிறு கட்டி அழைத்துச் செல்வது அதில் அடங்காது. அதற்கு மவுண்டனீரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் தகுதி பெற்றவர் வேண்டும் என்பதால், பணம் கட்டும் முன்பே எந்தச் சான்றிதழ் என்று கேளுங்கள். முதல் தரம் என்பது கையும் காலும் ஊன்றிப் பாறை ஏறும் ஸ்கிராம்ப்ளிங் வழிகளில் எளிய தரம்தானே தவிர, விழுந்தால் அடிபடாது என்ற உறுதி அன்று; மூன்றாம் தரத்தில் கயிறு தேவைப்படும் என்றே எண்ணிக் கிளம்ப வேண்டும். தேய்ந்த அடிப்பாகம் கொண்ட காலணி ஈரப்பாறையில் வழுக்கும். விசில் ஒன்றை மார்புப்பட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள்: ஆபத்தில் உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மீண்டும் ஊத வேண்டும். கைபேசியில் சிக்னல் கிடைத்தால் 999 எண்ணை அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். அங்கே மீட்க வருபவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.