டைகர் மொத் துணிச் சிறகில் வெண்படலம்

கேள்வி: இரத்மலானையில் டைகர் மொத் என்ற பழைய இரட்டைச் சிறகு விமானத்தின் சிறகுக்குப் பழைய முறைப்படி லினன் துணி போர்த்தி, துணியை இறுக்கும் பூச்சான நைட்ரேற் டோப் அடிக்கிறோம். காயக் காயத் திட்டுத்திட்டாக வெளுக்கிறது. டோப் பழுதா?

பதில்: டோப்பில் பிழையில்லை தம்பி, காற்றின் ஈரந்தான். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். நீர் அதில் படிந்து டோப்பிலுள்ள செலுலோசைத் திரளச் செய்யும். அந்தத் திட்டில் வலுவே இராது, மேலே மூடி அடிக்காதீர்கள். ரிட்டாடர் (காய்வதைத் தாமதிக்கும் கரைப்பான்) 1 பங்கு, தின்னர் 2 பங்கு கலந்து மெல்லிய தூவலாக விசிறுங்கள். தெளியாவிட்டால் தேய்த்தெடுக்க வேண்டியதுதான். மழை நாளில் டப்பாவையே திறக்கவேண்டாம்.

பதில்: அண்ணா சொன்னது சரி. இந்த நைட்ரேற்றின்மேல் மற்ற வகை டோப்பான பியூட்டிரேற் அடிக்கலாம். பியூட்டிரேற்றின்மேல் நைட்ரேற் கூடாது, உரியும். இன்னும் துணி போடாத சிறகின் மர மூட்டுகளில் பழைய கேசீன் பசையா? பாற்புரதம் அது, கொழும்புப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்துப் பிடி விட்டுவிடும். மூட்டில் கத்தி நுனி இறங்கினால் பிரித்து, ரிசோர்சினோல் என்ற செயற்கைப் பிசின் பசையால் ஒட்டுங்கள்.

கேட்டவர்: இரண்டு மூட்டில் இறங்குகிறது அண்ணா. நாளைக்கே பிரிக்கிறோம்.