ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நிறமும் வீட்டுமொழியும்: பள்ளி என்ன செய்யலாம்?

கேள்வி: வியாசர்பாடி ஆசிரியை

வணக்கம். தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளும், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளும், பிழைப்புக்காகப் பீகாரிலிருந்து அண்மையில் வந்தவர்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். தம் படத்தைத் தாமே வரையச் சொன்னால், கருநிறப் பிள்ளைகள் பலரும் முகத்துக்கு வெளிர் ஆரஞ்சு நிறத்தையே தீட்டுகிறார்கள். பீகார்ச் சிறுவன் ஒருவன் இந்தியே தெரியாதவன்போல நடந்துகொள்கிறான். இந்த வயதில் இவற்றைப் பற்றிப் பேச வேண்டுமா, கண்டும் காணாமல் விட்டுவிடலாமா?

பதில் 1: கல்வியியல் மாணவர்

நாம் பேசாவிட்டாலும் குழந்தைகள் சுற்றுப்புறத்திலிருந்து கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் அவர் மனைவி மேமி கிளார்க்கும் 1940களில், 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கிளார்க்கின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது. ஆனால் பிரிவினை இல்லாத வடபகுதிப் பள்ளிகளில் படித்த குழந்தைகளும் அதே வெள்ளைப் பொம்மையைத்தான் விரும்பினர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது மட்டும் போதாது.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தண்டையார்பேட்டை

அம்மா, பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை வண்ணங்களைக் கொடுத்து, தன் புறங்கையின் நிறம் வரும்வரை ஒவ்வொரு பிள்ளையையும் கலக்கச் சொல்லுங்கள். காலையில் ஒன்று முதல் பத்துவரை ஒருநாள் தெலுங்கிலும் ஒருநாள் இந்தியிலும் வகுப்பு முழுவதும் சேர்ந்து எண்ணட்டும். அந்தச் சிறுவனை மட்டும் எழுப்பி, "எங்கே, பேசிக் காட்டு" என்று கேட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கொரு முறை நடத்தும் மாறுவேடப் போட்டியால் பயனில்லை. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசைக்கும், விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுப்பதற்கும் யாரை நிறுத்துகிறோம் என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். (பெற்றோரும்தான்.)

பதில் 3: காசிமேடு பெற்றோர்

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவில் தன் இனத்தைப் பெருமையோடு சொல்லப் பழக்குவது குழந்தைக்குத் துணையாகலாம். இங்கே "உங்கள் குடும்பத் தொழில் என்ன, எந்தத் தெரு" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்டால், அது சாதியை விசாரிப்பதாகவே முடியும். "வீட்டில் உனக்கு யார் கதை சொல்வார்கள், எந்த மொழியில்?" என்று கேளுங்கள்; சொல்ல விருப்பமுள்ள பிள்ளை சொல்லட்டும்.