கணக்குப் போட்டால் 6 மணி நேரம், டிக்கெட்டில் 8 மணி நேரம், ஏன்?

கேள்வி:
லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் சுமார் 5,540 கி.மீ. என்று தூரம் காட்டும் தளத்தில் பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகிறது என்று வைத்தால் 6 மணி 10 நிமிடம்தான் வருகிறது. டிக்கெட்டிலோ போக 8 மணி, திரும்பி வர 7 மணி. ஒரே தூரத்துக்கு எப்படி இரண்டு நேரம்? நியூயார்க்கில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1:
காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் 10, 11 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக்காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். நீங்கள் சொன்ன 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். மேற்கே நியூயார்க் போகும்போது அது எதிர்க்காற்று, 150 இருந்தால் தரைக் கணக்கில் 750தான் மிஞ்சும், அப்போதே ஏறக்குறைய 7 மணி 20 நிமிடம் ஆகிவிடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,050. 2020 பிப்ரவரியில் புயல்காற்று வீசிய ஓர் இரவில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, எனக்கு இன்றும் அது பெரிய வியப்பு.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் முழுக்கக் காற்று மட்டும் இல்லை. டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் அல்ல, கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும்வரை. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்கும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதமானாலும் சமாளிக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைப்பார்கள். அப்புறம் அந்த 5,540 என்பது உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய கோடு. அட்லாண்டிக் மேல் பாதைகளைக் காற்றைப் பார்த்துத் தினமும் மாற்றி அமைக்கிறார்கள், ஆகவே நிஜத்தில் பறப்பது கூடுதல் தூரம்.

கேள்வி கேட்டவர்:
இப்போது புரிகிறது, நன்றி. இன்னொன்று, காலை 11 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, 3 மணி நேரம்தானா என்று ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன்.

பதில் 2:
இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்னால், 3 உடன் 5 சேர்த்தால் உங்கள் 8 வந்துவிடும். மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் மட்டும் கவனம், இரு நாடுகளும் கடிகாரத்தை வெவ்வேறு வாரங்களில் மாற்றுவதால் சில நாட்கள் வித்தியாசம் 4 மணிதான்.

பதில் 3:
விமானம் மாறுகிறீர்கள் என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனை, அடுத்த விமானத்துக்குப் போகிறவர்களுக்கும்தான். பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்கவும் வேண்டியிருக்கலாம். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் நிறுவனமே வேறு விமானத்தில் ஏற்றிவிடும். தனித்தனியாக வாங்கியிருந்தால் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், நான் அதற்குக் குறைத்து எடுக்க மாட்டேன்.